சத்தத்தைச் சொல்லுங்க சார்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒருவருடைய கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அவர் பானெட்டைத் திறக்க மாட்டார். வண்டியை விட்டு இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டுக்கொண்டு, தலையைத் தூக்கி மூன்றாவது மாடியின் வலதுபக்க பால்கனியைப் பார்ப்பார். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் துளசித் தொட்டியும் இருக்கும். கையில் காபி டம்ளரோடு மேடம் இருப்பார். இப்போது அந்த பால்கனியில் வேறு யாரோ துணி காயப்போடுகிறார்கள். மேடம் மகன் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டார். ஆனாலும் வண்டி மக்கர் செய்தால் இன்றைக்கும் எங்கள் கழுத்து தானாகவே மேலே திரும்பிவிடுகிறது.

மேடத்துக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. தொலைபேசி அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் போன் செத்துப்போனாலும், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து இவரைத்தான் கூப்பிட்டு அழுதிருக்கிறார்கள். ஒரு போனையும் கண்ணால் பார்க்காமல், கேள்வி கேட்டுக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லி, லைன்மேனை அனுப்பிய மனுஷி. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காது சும்மா இருக்குமா? பால்கனிக்கு நேர் கீழே எங்கள் திறந்தவெளி பார்க்கிங். தினமும் காலையில் ஒவ்வொரு வண்டியும் கிளம்புகிற சத்தத்தைக் கேட்டபடி காபி குடித்தார். பிறகு எங்கள் கார்களோடு வந்த கையேடுகளை ஒவ்வொன்றாக இரவல் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். அந்தப் புத்தகங்களை வாசித்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே அவர்தான்.

கீழே இறங்கி வந்து வண்டியைப் பார்க்க மட்டும் அவர் சம்மதித்ததே இல்லை. "கண்ணால பாத்தா குழப்பம்தான் சார் வரும்" என்பார். சின்னப் பையனாக இருந்தாலும் ஆண்பிள்ளை எல்லோரும் அவருக்கு சார்தான். புகார்ப் பிரிவுப் பழக்கம். நடுவில் அடுப்பைக் குறைக்க உள்ளே போகவேண்டி வந்தால், "லைன்லயே இருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்களும் பார்க்கிங்கில் அண்ணாந்தபடி லைனிலேயே இருப்போம்.

முதல் மாடியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் இருந்தார். கடையில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். ஒருநாள் காலை அவருடைய கார் கிளம்பவில்லை. "மேடம், பேட்டரி போயிடுச்சு!" என்று மேலே பார்த்துச் சொன்னார்.

"பேட்டரிங்கறது உங்க கருத்து சார். கருத்து வேணாம். சத்தத்தைச் சொல்லுங்க."

"சத்தம்னா... ஒரு மாதிரியா கேக்குது மேடம்."

"எந்த மாதிரின்னு வாயால செஞ்சு காட்டுங்க."

ஜவுளிக்கடைக்காரர் இடமும் வலமும் பார்த்தார். பால்காரர் நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது மாடி டீச்சர் துணி பிழிந்துகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல், "டிக்... டிக் டிக் டிக்..." என்றார்.

"கடைசி டிக் இழுவையா இருக்கா, வெட்டுனாப்ல நிக்குதா?"

"டிக் டிக் டீ...க்."

"சரி. இப்ப ஹாரன் அடிங்க."

ஹாரன், பட்டினி கிடந்த ஆட்டுக்குட்டி மாதிரி முனகியது. "இப்படி முனகுனாத்தான் சார் பேட்டரி. ஹாரன் நல்லா கத்துச்சுன்னா பேட்டரி மேல பழி போடக் கூடாது" என்று மேடம் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார். அந்த விதி அன்றோடு எங்கள் கட்டடத்தில் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் ஜவுளிக்கடைக்காரர் தப்பித்திருப்பார். மேடம் ஒரு வாய் காபி குடித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"நேத்து சாயங்காலம் வண்டிய நிறுத்திட்டு எவ்வளவு நேரம் பாட்டு கேட்டீங்க?"

"பாட்டா? கொள்ளிடக்கரைல வாக்கிங் போனேன் மேடம். டாக்டர் சொல்லியிருக்கார்ல."

"வாக்கிங் போனது நீங்க. அப்ப பாட்டு கேட்டது யாரு சார்?"

அவர் மனைவி முதல் மாடி பால்கனியில் வந்து நின்றார். ஜவுளிக்கடைக்காரர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கடைசியில், "ஒரு மணி நேரம்தான் மேடம். ஏசி போடல, ஃபேன் மட்டும்" என்று ஒப்புக்கொண்டார். இரண்டு மாதமாக அவர் சர்க்கரைக்காக நடந்த நடை முழுவதும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி நடந்தது என்பது அப்போதுதான் வெளிவந்தது. அந்த அம்மா இறங்கி வந்து காரைச் சோதனை போட்டதில் சீட்டுக்கு அடியிலிருந்து பக்கோடாப் பொட்டலக் காகிதங்கள் கைநிறையக் கிடைத்தன. மேடம் எதையும் கண்டுகொள்ளாமல், "கம்ப்ளைண்ட் க்ளோஸ் பண்ணிக்கலாமா சார்?" என்று கேட்டார். ஒவ்வொரு வழக்கையும் அவர் அப்படித்தான் முடிப்பார். நாம் சரி என்று சொல்லாமல் உள்ளே போகவே மாட்டார்.

"கம்ப்ளைண்ட் குடுக்குறவங்க எல்லாரும் ஒரே ஒரு விஷயத்த ஒளிச்சு வச்சுக்கிட்டுத்தான் குடுப்பாங்க" என்பது அவருடைய முப்பது வருட அனுபவத்தின் சாரம். "போன் வேலை செய்யலம்பாங்க. தண்ணில போட்டத சொல்ல மாட்டாங்க. அந்த ஒண்ணு வெளிய வந்துட்டா மத்தது தானா சரியாயிரும்."

தரைத்தளத்தில் கோயில் கைங்கர்யத்தில் இருக்கும் சுவாமி ஒருவர். அவருடைய காரிலும் ஒருமுறை இப்படித்தான், உயிரே இல்லை. மேடம் கேட்டுக்கொண்டே வந்து, "வண்டிக்குள்ள தின்பண்டம் ஏதாவது வச்சிருந்தீங்களா?" என்றார்.

"அடியேன் அப்படியெல்லாம் வைக்கற வழக்கமில்லையே."

"ஒண்ணுமே இல்லையா சார்? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"ஒண்ணுமில்லை. பெருமாள் அமுது செய்த அக்காரவடிசல் கொஞ்சம் தொன்னையிலே இருந்தது. பிரசாதத்தைப் போய்த் தின்பண்டத்திலே சேர்க்கலாமோ?"

நாம் சேர்க்கலாமா கூடாதா என்பது வேறு, எலி சேர்த்துவிட்டது. நெய் வாசனைக்கு வந்தது, அக்காரவடிசலை முடித்த கையோடு டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த ஒயர்களையும் ஒரு கை பார்த்திருந்தது.

மேடம் கோட்டைவிட்டது, நாங்கள் அறிய, ஒரே ஒரு முறை. கைலாசபுரத்தில் பெரிய தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த ஒருவர் எங்கள் கட்டடத்துக்கு விருந்தாளியாக வந்தார். அவர் கார் கிளம்பவில்லை. முக்கால் மணி நேரம் அவரை விதவிதமாகச் சத்தம் போட வைத்து, எந்தக் கோளாறும் பிடிபடாமல் மேடம் திகைத்து நின்றபோதுதான் தெரிந்தது, டேங்கில் பெட்ரோலே இல்லை என்று. "அவ்வளவு படிச்சவர்கிட்ட அத எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்" என்று ரொம்ப வருத்தப்பட்டார். அதன் பிறகு அவருடைய முதல் கேள்வி யாராக இருந்தாலும், "பெட்ரோல் எப்ப போட்டீங்க?" என்பதுதான்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். இரண்டாவது மாடி டீச்சர் புதுக் கார் வாங்கி, சமயபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டார். பட்டன் அமுக்கினால் கிளம்புகிற கார். பூஜை முடிந்து பட்டனை அமுக்கினால் வண்டி கல்லாக நிற்கிறது. அம்மன் சந்நிதியிலேயே இப்படியா என்று டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. மேடத்துக்குப் போன் போட்டார். மேடம் நாலாவது கேள்வியில் பிடித்துவிட்டார். அம்மன் காலடியில் வைத்து எடுத்த சாவியை டீச்சர் பக்தியோடு குங்குமம் போட்ட எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, மூடியை இறுக்கிக் கைப்பைக்குள் போட்டிருந்தார். "அந்தச் சாவி ரேடியோ மாதிரி டீச்சர். எவர்சில்வருக்குள்ள போட்டு மூடுனா அது பேசுறது வண்டிக்குக் கேக்காது. டப்பாவத் திறங்க." திறந்தார். வண்டி கிளம்பியது. கட்டடமே இந்தக் கதையை ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அந்த விஷயத்தை மனதில் ஒரு மூலையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

என் கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் மற்றவர்கள் மானத்தை வாங்கியதே அதைத் தள்ளிப்போடத்தான்.

நான் நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன். பட்டன் ஸ்டார்ட் வைத்த பழைய கார் ஒன்று வாங்கினேன். அம்மா மண்டபம் சாலை வரை ராஜா மாதிரி போவேன். காவிரிப் பாலத்தைக் கண்டால் உள்ளங்கை வேர்த்துவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் போகவேண்டிய எல்லாக் காரியங்களுக்கும், "பார்க்கிங் கிடைக்காது, பஸ்ல போயிரலாம்" என்று சொல்லியே காலத்தை ஓட்டினேன். எனக்குப் பயம் என்று என் மனைவிக்கோ மகளுக்கோ தெரியாது. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு ஒரு நுழைவுத் தேர்வு வந்தது. மையம் பாலத்துக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூர் ரோட்டில், காட்டூரும் தாண்டி ஒரு கல்லூரி. எட்டரை மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். மச்சான் போன் செய்து, "என் டிரைவரை அனுப்பட்டுமா மாப்ள?" என்றான். "நான் இருக்கும்போது எதுக்கு டிரைவர்? என் பொண்ண நான் கூட்டிட்டுப் போக மாட்டனா?" என்று ஸ்பீக்கர் போட்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் தஞ்சாவூர் ரோட்டு லாரிகள் எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்தன.

தேர்வு நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மனைவி குளிக்கப் போயிருந்தாள். அடுக்களையில் சீரக டப்பா இருந்தது. கைக்கு அடக்கமான எவர்சில்வர் டப்பா, இறுக்கமான மூடி. சீரகத்தை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு டப்பாவைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். என் திட்டம் எளிமையானது. கார்க் கதவைத் திறந்த கையோடு சாவி டப்பாவுக்குள் போகும். கார் கிளம்பாது. தெருமுனையில் டாக்ஸி ஸ்டாண்டு இருக்கிறது. ஏழு மணிக்கே புறப்படுவதால் நேரம் தாராளம். மகளின் தேர்வுக்கும் குறைவில்லை, என் கௌரவத்துக்கும் குறைவில்லை. ஞாயிறு காலையில் மேடம் தாயார் சந்நிதிக்குப் போய்விடுவார் என்பதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

அன்றைக்கு என்று பார்த்து அவர் போகவில்லை.

பட்டனை அமுக்கினேன். முன்னால் ஒரு சாவிப் படம் சிவப்பாக மினுக்கியது. அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "அடடா, என்னாச்சு இதுக்கு?" என்று நடித்தேன். என் நடிப்பு எனக்கே பிடித்திருந்தது. அதற்குள் மகள் வெளியே இறங்கி, "மேடம் ஆன்ட்டி! கார் ஸ்டார்ட் ஆகல! சத்தமே வரல!" என்று கத்திவிட்டாள்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "பெட்ரோல் எப்ப போட்டீங்க சார்?"

"நேத்துதான் மேடம். பரவாயில்ல, நாங்க டாக்ஸில..."

"லைன்லயே இருங்க சார். ஹாரன் அடிங்க."

மெதுவாக அமுக்கினால் மெதுவாகக் கத்தும் என்று நினைத்தேன். ஹாரனுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. மதில்மேல் இருந்த காக்கைகள் பறந்தன. எல்லா பால்கனிக் கதவுகளும் திறந்தன. "பேட்டரி இல்ல" என்று ஜவுளிக்கடைக்காரர் முதல் மாடியிலிருந்து தீர்ப்பு சொன்னார். பட்டுத் தெரிந்துகொண்டவர்.

"சாவி எங்க சார்?"

"பாக்கெட்லதான் மேடம்."

"கொஞ்சம் இறங்கி நடங்க."

"எதுக்கு மேடம்?"

"நாலு அடி போதும் சார்."

நடந்தேன். பாக்கெட்டில் டப்பாவுக்குள் சாவி லேசாகக் குலுங்கியது. எனக்கே சரியாகக் கேட்காத சத்தம். மேடம் காபி டம்ளரைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தார். பிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது மாடியில் டீச்சர் வேறு நிற்கிறார். இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதற்கு நான் பதில் சொன்னால், அப்பா பயந்தாங்கொள்ளி, அதற்கு மேல் பொய்யர் என்பது என் மகளுக்கு, தேர்வுக்குப் போகிற நேரத்தில், மூன்று மாடிகளின் முன்னால் தெரிந்துவிடும். அவள் ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது. பிள்ளையை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். "பாப்பா, கேட் எத்தன மணிக்கு மூடுவாங்க?"

"எட்டரை ஆன்ட்டி."

"பேட்டரிதான் சார்" என்றார் மேடம். "டாக்ஸி சொல்லுங்க. பாப்பா, பதட்டப்படாம எழுதிட்டு வாம்மா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன சத்தம் என்று என்னைக் கேட்கவில்லை. கம்ப்ளைண்ட்டை க்ளோஸ் பண்ணிக்கொள்ளலாமா என்றும் கேட்கவில்லை.

மகள் எட்டு மணிக்கெல்லாம் மையத்துக்குப் போய்விட்டாள், நன்றாகவும் எழுதினாள். வினை மத்தியானம் வந்தது. என் மனைவி பொறுப்பாக ஒரு மெக்கானிக்கை வரவழைத்துவிட்டாள். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி ஜம்முனு இருக்கு சார். யாரு பேட்டரின்னு சொன்னது?" என்று கேட்டார். பட்டனை அமுக்கினார். டப்பாவிலிருந்து விடுதலையான சாவி என் கையில் இருந்ததால் வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. பக்கத்திலேயே ஜவுளிக்கடைக்காரர் நின்றிருந்தார். பக்கோடா நாளிலிருந்து அவர் காத்துக்கிடந்த வாய்ப்பு. "ஹாரன் அந்தக் கத்து கத்துச்சு, அதக் கேட்டுட்டு பேட்டரிங்கறாங்க. மேடமுக்குக் காது போயிருச்சு சார்" என்று மாடி மாடியாகப் போய்ச் சொன்னார்.

அன்று மாலையே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மேடத்திடம் போக இரண்டாவது மாடி வரை ஏறினேன், அங்கிருந்து இறங்கிவிட்டேன். சீரக டப்பாவைக் கார் டிக்கியில் ஒளித்துவைத்தேன். "டப்பாவக் காணோம், சீரகம் மட்டும் கிண்ணத்துல கிடக்கு, இது என்ன மாயம்?" என்று மனைவி புலம்பினாள். "கார்ல ஏறுனா ரச வாசனை வருதுப்பா" என்றாள் மகள்.

அதன் பிறகு யாருக்கு வண்டி நின்றாலும் செல்போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். மேலே பார்ப்பது குறைந்தது. மேடம் அப்போதும் காலையில் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் தானாகப் பேசவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அவர் பெயர் திரும்பிவிடும், என் பெயர் போய்விடும். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

மூன்று வாரம் போனது. ஒருநாள் காலையில் ஜவுளிக்கடைக்காரரின் கார் மறுபடி நின்றது. டிக் டிக் டிக் என்று இழுத்தது. மேடம் பழக்க தோஷத்தில் எழுந்து கைப்பிடிச் சுவருக்கு வந்துவிட்டார். ஏதோ கேட்க வாயெடுத்தார். ஜவுளிக்கடைக்காரர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "மெக்கானிக்கா? ஒரு நடை வந்துட்டுப் போங்க தம்பி" என்று போனில் சொன்னார். மேடம் டம்ளரில் மிச்சமிருந்த காபியைத் துளசித் தொட்டியில் ஊற்றப் போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, உள்ளே போகத் திரும்பினார். துளசியில் காபி ஊற்றப்போகிற அளவுக்கு அவர் மனம் தடுமாறி நான் பார்த்ததில்லை.

"மேடம்!" என்று கத்தினேன். "ஒரு கம்ப்ளைண்ட்!"

அவர் நின்றார். ஜவுளிக்கடைக்காரர் திரும்பினார். நான் டிக்கியைத் திறந்து டப்பாவை எடுத்தேன். "அன்னைக்கு பேட்டரி இல்ல மேடம். சாவி இந்த டப்பாக்குள்ள இருந்துச்சு. நான்தான் போட்டு மூடினேன். எனக்குப் பாலம் தாண்டி ஓட்டப் பயம்."

மேடம் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்தார். "சரியாக் கேக்கல சார். சத்தமாச் சொல்லுங்க."

பாக்கெட்டுக்குள் குலுங்கிய சாவியை மூன்றாவது மாடியிலிருந்து கேட்ட காது அது. நான் மறுபடி கத்தினேன். இந்தத் தடவை டீச்சர் வந்தார், சுவாமி வந்தார், பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். என் மகள் பால்கனியிலிருந்து வாய்பொத்திச் சிரித்தாள். அவள் பக்கத்தில் என் மனைவி, "அது என் சீரக டப்பால்ல? பயமா இருக்குன்னு சொன்னா நானே டாக்ஸி சொல்லியிருக்க மாட்டனா? நானும்தான் அன்னைக்கு வண்டி எடுக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்!" என்று அவள் பங்குக்குக் கத்தினாள். ஜவுளிக்கடைக்காரர் போனில், "தம்பி, நீங்க வர வேணாம்" என்றார்.

ஆதாரம் காட்டிவிடலாம் என்று நான் சாவியை டப்பாவுக்குள் போட்டு, மூடி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கப் போனேன்.

"அதக் கீழ வைங்க சார்" என்றார் மேடம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "வாயால சொல்லுங்க. என்ன சத்தம்?"

மூன்று மாடிகளையும் அண்ணாந்து பார்த்தபடி, நான் சொன்னேன்: "கிலுக்... கிலுக்... கிலுக்."

"கடைசி கிலுக் இழுவையா, வெட்டா?"

"வெட்டு மேடம்."

"கம்ப்ளைண்ட் க்ளோஸ் பண்ணிக்கலாமா சார்?"

"பண்ணிக்கோங்க மேடம்" என்றேன்.